ஏரிக்குப் போனவரின் அட்டை

எங்கள் கம்பெனிக்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று பார்த்துச் சொல்லும் வேலையை மேலாளர் என்னிடம் கொடுத்தபோது, பதிலுக்கு நான் ஒன்றுதான் கேட்டேன். ஒரு வாரம் என் மேசையை விட்டு ஆலைக்குள் போய் நிற்க வேண்டும்.

"நின்னு இன்னா பண்ணுவ?" என்றார்.

"பாக்கணும் சார்."

"பாக்கறதுக்கு இன்னாம்மா இருக்கு? இரும்பு உருகுது, ஊத்தறாங்க, ஆறுது, தட்டறாங்க. சரி, நில்லு. ஷூ போட்டுக்கினு நில்லு."

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தண்ணீர் பம்புக்கான இரும்பு உறைகளை வார்க்கும் கம்பெனி எங்களுடையது. மூன்று ஷிஃப்ட். கம்ப்யூட்டர் பிரிவு என்று பலகை மாட்டிய அறையில் நான் ஒருத்திதான். பிரின்டரில் காகிதம் சிக்கினாலும் நான், கேட் கேமரா இருண்டாலும் நான், சம்பளத்துக்கான எக்செல் தாளில் ஒரு கட்டம் சிவப்பானாலும் நான். ஸ்டோர்ஸ் ஒரு தாளில், கொள்முதல் இன்னொரு தாளில், வருகை சுவர்ப் பலகையில் என்று மூலைக்கு ஒன்றாகக் கிடந்ததையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். எப்படிக் கொண்டுவருவது என்பதில் இரண்டு கட்சிகள் இருந்தன.

மேலாளர் ரெடிமேட் கட்சி. தொழிற்பேட்டையில் பல கம்பெனிகள் வாங்கி வைத்திருக்கிற மென்பொருளை நாமும் வாங்குவோம், மாதாமாதம் கட்டுவோம், கெட்டால் அவன் வந்து பார்ப்பான் என்பது அவர் வாதம். முதலாளிக்குத் தனியாகச் செய்யச் சொல்ல ஆசை. அவருக்குத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் அம்பத்தூரில் சின்னதாக ஆபீஸ் போட்டிருந்தார்கள். நமக்கு வேண்டியதை வேண்டியபடி எழுதித் தருவார்கள் என்றார்.

எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்க வராது. சொந்தக்காரர் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் முதலில் பட்டியல்தான். ஆனால் இந்த விஷயத்தில் மற்றவர்கள் போட்டிருந்த பட்டியல்களை வாங்கிப் பார்த்தபோது, எல்லாமே மென்பொருளைப் பற்றி இருந்தன. எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் ஒரு வாரம் கேட்டேன்.

முதல் நாள் டைம் ஆபீஸில் போய் நின்றேன். வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அங்கே பல வருடமாக இருப்பவர். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் தீர்ப்பைச் சொன்னார்.

"தைக்கக் குடுத்தா தீபாவளிச் சட்ட பொங்கலுக்குத்தான் வரும்மா. ரெடிமேட் எடுத்தா அன்னிக்கே போட்டுக்கலாம். கை மட்டும் நீட்டமா இருக்கும். மடிச்சு வுட்டுக்கினு போவ வேண்டியதுதான்."

"நம்ம கம்பெனிக்குக் கை எங்கண்ணா இருக்கு?"

"அதத்தான நீ பாக்க வந்திருக்க?"

டைம் ஆபீஸ் சுவரில் பச்சைப் பலகை. அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆளுக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன். வருகிறவர் தன் டோக்கனை எடுத்து 'உள்ளே' பக்கம் மாட்ட வேண்டும், போகும்போது 'வெளியே' பக்கம். அவ்வளவுதான் ஏற்பாடு. மதிய ஷிஃப்ட் ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், உயரமான ஒருவர் தன் எண்ணை விட்டுவிட்டு வேறு எண்ணை எடுத்து மாட்டினார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"அவரு வேற டோக்கன மாட்டறாரு."

"வேறதான் மாட்டணும். இன்னிக்கு மாத்து."

மாத்து என்பது எங்கள் கம்பெனியில் எழுதப்படாத ஏற்பாடு. ஒருவருடைய ஷிஃப்டை இன்னொருவர் பார்ப்பார். அவருடையதை இவர் வேறு ஒரு நாள் பார்த்துக் கொடுப்பார். யாருக்குப் பதிலாக வருகிறாரோ அவருடைய டோக்கனைத்தான் மாட்ட வேண்டும். முறை யாருடையதோ டோக்கன் அவருடையது. ஆள் எண்ணிக்கை குறையாது, வேலை நிற்காது, சம்பளத்தில் எதுவும் மாறாது. மேலாளருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். தெரியாது" என்றார் அண்ணன்.

உயரமானவர் மாட்டியது உலைப் பிரிவில் வேலை செய்யும் இன்னொருவருடைய டோக்கன். ஆலைக்குள் யாரும் இவர்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உயரமானவர் 'சர்ச்சு'. பொன்னேரிக்குப் பக்கத்தில் வயல் வேலை பார்த்த குடும்பம், ஞாயிறு காலை ஆராதனையில் கிடார் வாசிப்பவர். இன்னொருவர் 'ஏரி'. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வருபவர்.

ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடங்களுக்கு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று இந்தக் குடும்பங்கள், நாளை அந்தக் குடும்பங்கள் என்று சுற்றி வரும். முறை வரும் நாளில் மதியமே படகில் ஏறிவிட வேண்டும். போகாவிட்டால் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஏரியின் அப்பாவுக்கு முட்டி தேய்ந்து தண்ணீரில் இறங்க முடியாமல் போனபிறகு, அந்தக் குடும்பத்துக்கு இவர்தான் ஆள். ஒரு வலைக்குச் சேர்ந்து போகிற மற்றவர்களும் இவர் வராவிட்டால் கரையில் நிற்பார்கள்.

அதே ஆளுக்கு இங்கே இன்னொரு முறை வந்துகொண்டிருந்தது. வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் இருந்தவர். இந்த வருடம் நிரந்தரம் ஆக்கப் போகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதற்கு வருகைப் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது மாத்து.

மறுநாள் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"வர்ற ஞாயித்துக்கிழம காலைல நீ வரணும். ஞாபகம் கீதா?" என்றார் சர்ச்சு.

"கீது கீது. போன வாரம் இன்னா வாசிச்ச, ஊரே எந்திரிச்சு ஓடிச்சாமே?"

"உன் எறாவாட்டம் ஓடல. நீ வலைய எடுத்துக்கினு வர்றதப் பாத்தே அதுங்க ஆந்திரா போயிருதாம்."

நான் என் பட்டியலில் முதல் வரியாக மாத்து என்று எழுதினேன். ஸ்டோர்ஸ், கொள்முதல், வரி எல்லாம் அதற்குக் கீழேதான் வந்தன.

ரெடிமேட் கம்பெனியின் பிரதிநிதி லேப்டாப்போடு வந்தார். நல்ல மென்பொருள், அதில் சந்தேகமில்லை. ஸ்டோர்ஸில் ஒரு போல்ட் குறைந்தால்கூடக் கொள்முதலில் தெரிந்தது. நான் மாத்தைப் பற்றிக் கேட்டேன்.

"ஷிஃப்ட் மாத்தறதுக்கு விண்ணப்பம் இருக்கு மேடம். தொழிலாளி முன்கூட்டியே போடணும், மேலதிகாரி ஒப்புதல் தரணும், மனிதவளத் துறை ஒப்புதல் தரணும்."

"எங்ககிட்ட மனிதவளத் துறையே இல்ல."

"ஒண்ணு ஆரம்பிச்சுக்கங்க மேடம்" என்றார் சிரிக்காமல். "எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் பண்றாங்க. மென்பொருளுக்குத் தகுந்த மாதிரி நீங்க கொஞ்சம் மாறிக்கணும்."

அம்பத்தூர் இளைஞர்கள் அடுத்த வாரம் வந்தார்கள். நான் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே "பண்ணிரலாம் மேடம்" என்றார்கள். சம்பளம் போடுவதும் பண்ணிரலாம், வரிக் கணக்கும் பண்ணிரலாம், மாத்தும் பண்ணிரலாம்.

"வரி விதி மாறினா?"

"மாத்திரலாம்."

"நீங்க ரெண்டு பேரும் வேற வேலைக்குப் போய்ட்டா?"

அதற்கு மட்டும் பண்ணிரலாம் வரவில்லை.

மேலாளர் காத்திருக்கவில்லை. ரெடிமேட்காரர்கள் ஒரு மாதம் இலவசமாகப் போட்டுப் பார்க்கத் தருகிறார்கள், வருகைப் பதிவை மட்டும் முதலில் போட்டுப் பார்ப்போம் என்றார். கேட்டில் ஒரு கருவி வந்தது. எல்லோருக்கும் போட்டோ போட்ட அட்டை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நின்று நானே சொன்னேன்: அவரவர் அட்டையை அவரவர் காட்டுங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பித்தளை டோக்கன்களைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டார் அண்ணன். பலகையில் ஆணிகள் மட்டும் இருந்தன.

அந்த மாதம் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. யாரும் வராமல் இல்லை. மேலாளர் என் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இவ்ளோ யோசிச்சுக்கினு இருந்தியே" என்றார். அந்தப் பச்சை எனக்கு உறுத்தியது. மழை பெய்த நாளில்கூட ஒரு சிவப்பு இல்லை. விசாரிக்க வேண்டும் என்று எழுதி வைத்தேன். விசாரிக்கும் முன்பே பாதுகாப்பு ஒத்திகை வந்துவிட்டது.

தீ விபத்து வந்தால் எல்லோரும் வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வேப்பமரத்தடியில் கூட வேண்டும். முன்பெல்லாம் தலைகளை எண்ணுவார்கள். இந்த முறை கருவியின் பட்டியல் இருக்கிறதே, பெயர் படித்தே பார்ப்போம் என்று பாதுகாப்பு அதிகாரி சொன்னார். அவர் வேறு ஆலையிலிருந்து வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆட்களின் முகம் தெரியாது. டேப்லெட்டில் பெயரும் போட்டோவும் வர, ஒவ்வொன்றாகப் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஏரியின் பெயரைப் படித்தார். பின்வரிசையிலிருந்து "கீறேன் சார்" என்று குரல் வந்தது. சர்ச்சின் குரல்.

அதிகாரி டேப்லெட்டைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "இது நீங்க இல்லயே."

"நான் இல்ல சார். ஆனா அவருக்கு நான்தான் வந்திருக்கேன்."

"அப்ப அவர் எங்க?"

"அவரு தண்ணில கீறாரு சார்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆளைக் காணோம். அந்த நிலையில் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். விசிலை ஊதினார். தீயணைப்புக் குழுவில் இருந்த இரண்டு பேர் முகமூடியை மாட்டிக்கொண்டு உலைப் பக்கம் ஓடினார்கள். சர்ச்சு பின்னாலேயே போய், "அண்ணே, உள்ள இல்லண்ணே, பழவேற்காட்டுல கீறாரு" என்று கத்தினார். முகமூடிக்குள் அது கேட்கவில்லை. மேலாளர் ஓடி வந்து, கையை ஆட்டி, அவர்களைத் திருப்பிக் கூட்டி வந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜமான நெருப்பாக இருந்திருந்தால், ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவரைத் தேடி அந்த இரண்டு பேர் நெருப்புக்குள் போயிருப்பார்கள்.

அன்றைக்கே மேலாளர் சொல்லிவிட்டார். மாத்து இனி கிடையாது. ரெடிமேடை வாங்கிவிடலாம், விண்ணப்பம் போட்டு ஒப்புதல் வாங்குகிறவர் வாங்கட்டும். ஏரிக்கும் சர்ச்சுக்கும் மெமோ. அட்டையைக் கைமாற்றியதற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுதிக் கேட்டது. மெமோ ஃபைலில் ஏறினால் ஏரி நிரந்தரப் பட்டியலிலிருந்து இறங்குவார். மாத்து போனால் பாடு போகும். இரண்டில் ஒன்று என்பது போய், இரண்டுமே போகிற நிலை.

மறுநாள் மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரி என் அறைக்கு வந்தார். குள்ளமான ஆள், கை மட்டும் பெரிது.

"இன்னா மேடம், நான் தண்ணில இருந்தேன், நீங்க என்ன நெருப்புல தேடிக்கினு இருந்தீங்களாமே."

"உக்காருங்க. அவரவர் அட்டைன்னு நான் சொன்னேன்ல? நீங்களும் தலையாட்டினீங்க."

"ஆட்டுனேன். அது என் ஷிஃப்ட்டு. அப்ப என் அட்டதான போவணும்?"

அவரே விளக்கினார். "எங்க ஏரில பாடு எங்க நைனா பேருல வருது. நைனாக்கு முடியல, நான் போறேன். நான் போனேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, நைனா பாடுன்னுதான் சொல்லுவாங்க. முற யாருதோ பேரு அவங்களுது. இதுல இன்னா தப்பு?"

தப்பில்லை என்றுதான் எனக்கும் தோன்றியது. டோக்கனுக்கு அது சரி. கரையில் அது சரி. கருவி கேட்டது வேறு ஒன்றை.

"ஒண்ணு கேக்கறேன். பாடு நைனா பேருல வருது. நடுத்தண்ணில படகு கவுந்துருச்சுன்னு வைங்க. கரைல நிக்கறவங்க யாரு பேரச் சொல்லித் தேடுவாங்க?"

அவர் மெமோவை மடித்தார். "என் பேரத்தான்."

"இந்த அட்ட அதுக்குத்தான் வந்துது. ஷிஃப்ட் யாருதுன்னு சொல்ல வேற வழி பண்ணணும்."

"பண்ணுவாங்களா?"

"பண்ண வைக்கிறேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது.

அன்று மாலை ரயிலில் என் பட்டியலை எடுத்து எல்லா வரிகளையும் இரண்டு பக்கமாகப் பிரித்தேன். எந்த வேலை எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி நடக்கிறது, எந்த வேலை எங்கள் கம்பெனியில் மட்டும் இப்படி நடக்கிறது. கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஸ்டோர்ஸ், கொள்முதல், சம்பளம், வரி எல்லாம் முதல் பக்கம் போயின. இரண்டாவது பக்கத்தில் மாத்து மட்டும் தனியாக நின்றது. இதுவரை தனியாகச் செய்வதா ரெடிமேடா என்று கம்பெனி முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் பக்கத்துக்கு ஒரு பதிலும் இரண்டாவது பக்கத்துக்கு வேறு பதிலும் இருக்கலாம். அண்ணன் சொன்ன கணக்கில், சட்டையை வாங்கிவிட்டுக் கையை மட்டும் தையல்காரரிடம் கொடுக்கலாம்.

ரெடிமேட் பிரதிநிதிக்கு போன் போட்டு, வெளியிலிருந்து வேறு ஒரு நிரல் உங்கள் மென்பொருளுக்குள் ஒரு வரி எழுத வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சுற்றி வளைத்தார். நான் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். கடைசியில், இருக்கிறது, ஆனால் யாரும் கேட்பதில்லை என்றார்.

அந்த வார இறுதியில் வீட்டில் உட்கார்ந்து நானே எழுத ஆரம்பித்தேன். மாத்துப் போடும் இரண்டு பேரும் சேர்ந்து டைம் ஆபீஸுக்கு வர வேண்டும். இரண்டு அட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்ட வேண்டும். யார் யாருக்காக, எந்த ஷிஃப்ட் என்று திரையில் வரும். அதன் பிறகு உள்ளே போகிறவர் தன் அட்டையோடுதான் போவார். ஷிஃப்ட் கணக்கு முறைக்காரர் பெயரில் ஏறும். உள்ளே இருப்பவர் பட்டியலில் உண்மையில் உள்ளே வந்தவர் பெயர் ஏறும். ஞாயிறு மாலைக்குள் ஓரளவு ஓடியது. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

திங்கட்கிழமை மேலாளரிடம் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"அந்த ரெண்டு பேரு உள்ள ஓடுனாங்களே, அத நீ பாத்தல்ல? நெசமா எரிஞ்சிருந்தா அவங்க ஊட்டுக்குப் போயி யாரு சொல்றது? நான்தான் போவணும். எதுக்கும்மா எனக்கு மாத்து?"

"அதனாலதான் சார் வேணும். தட பண்ணா மாத்து நிக்காது. நமக்குத் தெரியாம நடக்கும். இப்ப போன மாசம் நடந்ததே, அதே மாதிரி. திரைல பச்சையா இருக்கும், உள்ள யாரு இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது."

அவர் பேனாவை மேசையில் உருட்டினார். "சரி. நல்லா எழுதிக்கீற. நீ நாளைக்குக் கல்யாணம் கட்டிக்கினு பெங்களூர் போய்ட்டா?"

நான் அம்பத்தூர்காரர்களிடம் கேட்ட அதே கேள்வி. கல்யாணத்தை மட்டும் அவர் சேர்த்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. வார இறுதி முழுவதும் எழுதியதை மூடி வைக்க ஒரு நிமிஷம் பிடித்தது.

"அப்ப நான் எழுதல சார். அம்பத்தூர் பசங்க ரெண்டு பேரும் எழுதட்டும், இந்தச் சின்ன வேலைய மட்டும். எழுதினது முழுசா நம்மகிட்ட இருக்கணும்னு ஒப்பந்தத்துல போடுவோம். எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும், டைம் ஆபீஸ் அண்ணனுக்கும் கத்துக் குடுக்கறேன். யாரு போனாலும் இன்னொருத்தர் இருப்பாங்க. அதுவும் நின்னு போச்சுன்னா, ஆணிப் பலக சுவத்துலதான் இருக்கு."

"முதலாளிக்கு அவரோட பசங்க வந்துட்டாங்கன்னு சந்தோஷம்" என்றார். பாதி இறங்கிவிட்டார் என்று தெரிந்தது. மீதிப் பாதிக்காக நான் கிளம்பும் முன்பே முடிவு செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அவங்க எழுதி முடிக்கறதுக்குள்ள ஏரிக்குப் பாடு வந்துரும். அன்னிக்கு மட்டும் கைல செஞ்சு பாக்கலாம். ரெண்டு பேரும் என் மேசைக்கு வந்து அட்டையக் காட்டட்டும், நானே பதிவு பண்றேன். அன்னிக்கே நீங்க ஒத்திக வைங்க. எப்பன்னு என்கிட்டகூடச் சொல்லாதீங்க."

"பேரு சரியா வரலன்னா?"

"மாத்து கிடையாதுன்னு நானே நோட்டீஸ் ஒட்டறேன். மெமோவும் ஃபைலுக்குப் போவட்டும்."

இதை ஏரியிடமும் சர்ச்சிடமும் மறைக்கவில்லை. எதை வைத்து நான் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஏரிதான் முதலில் பேசினார்.

"எங்கள வெச்சு சூதாடறீங்களே மேடம்."

"வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

"வேணாம்னு யாரு சொன்னது? இவன் ஒழுங்கா இவன் பேருக்கு ஆஜர் சொல்லணுமே, அதான் பயம். இவனுக்கு என் பேரு புடிச்சுப் போச்சு."

"உன் பேர நாய்க்குக்கூட வைக்க மாட்டேன்" என்றார் சர்ச்சு.

பாடு வந்த அன்று காலை ஷிஃப்ட் முடியும் முன்பே இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். ஏரி சைக்கிள் டியூபால் கட்டிய பையோடு நேராகப் படகுக்குப் போகிற கோலத்தில் இருந்தார். இரண்டு அட்டைகளையும் காட்டினார்கள். பதிவு செய்தேன். ஏரி தன் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டு, சர்ச்சிடம் காட்டித் தட்டிவிட்டுப் போனார்.

மதிய ஷிஃப்டில் டீ வந்த நேரத்தில் சங்கு ஊதியது. எழுந்து வெளியே போனேன். வேப்பமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். அதே அதிகாரி, அதே டேப்லெட். மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

பெயர்கள் வந்தன. பாதிக்கு மேல் போனபோது ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. அதிகாரி திரும்பப் படித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரியின் கை விசிலுக்குப் போனது. அந்த நேரத்தில் கழிவறைப் பக்கமிருந்து ஒருவர் சட்டையைச் செருகிக்கொண்டே ஓடி வந்தார்.

"நெருப்பு புடிச்சாலும் இவன் முடிச்சுட்டுத்தான் வருவான்" என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்து சர்ச்சின் பெயர். "கீறேன் சார்" என்றார். அதிகாரி போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தலையாட்டினார். ஏரியின் பெயர் வரவே இல்லை. கடைசிப் பெயர் வரை வரவில்லை. மேலாளர் டேப்லெட்டை வாங்கி, தலைகளை விரல் நீட்டி அவரே ஒருமுறை எண்ணினார். இன்னொரு முறையும் எண்ணினார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"அவன் மெமோவுக்குப் பதில் எழுதிட்டானா?"

"ரெண்டு பேருமே எழுதிட்டாங்க சார். என்கிட்டதான் இருக்கு."

"உன்கிட்டயே இருக்கட்டும். ஃபைலுக்கு அனுப்பாத."

ரெடிமேட் மென்பொருளை வாங்கினோம். ஸ்டோர்ஸும் கொள்முதலும் சம்பளமும் அதில் ஓடுகின்றன. அதற்குத் தகுந்தபடி நாங்கள் மாறிக்கொண்டோம், பெரிய வலி இல்லை. மாத்துக்கான திரையை அம்பத்தூர்காரர்கள் எழுதினார்கள். நான் வீட்டில் எழுதியதைவிட நன்றாகவே எழுதினார்கள். சொன்ன நாளுக்கு வரவில்லை. அண்ணன் "பொங்கலுக்கு வந்துரும்மா" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தபோது அவரேதான் அதை முதலில் இயக்கினார். நிரந்தர ஆணை வந்தபோது ஏரியின் பெயர் அதில் இருந்தது.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு போனில் முடிந்த மாத்துக்கு இப்போது இரண்டு பேரும் நேரில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. டோக்கன் காலத்தில் இந்தப் பேஜாரு கிடையாது என்று என் காதில் படும்படி சொல்லுவார்கள். "மாத்துக்கு மாத்து இவன் மூஞ்சியில முழிக்கணும், அதான் மேடம் தண்டன" என்பது ஏரியின் புகார்.

திரை வந்த சில நாட்களில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் டைம் ஆபீஸிலிருந்து அண்ணன் என்னைக் கூப்பிட்டார். போனேன். ஏரி இருந்தார், சர்ச்சு இருந்தார், கூடவே, வார்த்த இரும்பின் பிசிறைத் தட்டி எடுக்கும் ஃபெட்லிங் பிரிவைச் சேர்ந்த மூன்றாவது ஆள் ஒருவரும் இருந்தார். மூன்று பேர் கையிலும் அட்டை.

"எனக்கு இவன் பாக்கறான்" என்றார் ஏரி. "இவனுக்கு இவரு பாக்கறாரு. இவருக்கு நான் பாக்கறேன். மிஷினு ரெண்டு அட்டைக்கு மேல வாங்க மாட்டேங்குது."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சட்டையின் கை இன்னும் நீளமாகத்தான் இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தை எடுத்தேன்.

"ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. யாரு யாருக்கு?"